மண்ணுக்குள் நடந்து வந்தது

சின்னமோட்டூர்,
பொதட்டூர்பேட்டை வழி, திருத்தணி தாலுகா.
20.1.1985

கிராம சேவக் பிரபுதாஸ் ஐயாவுக்கு,

திருத்தணி தாலுகா ஆந்திராவை விட்டு மெட்ராஸ் பக்கம் வந்த வருஷம் அது. நம்பர் சொல்ல எனக்கு வராது. அறுபது என்கிறாள் காஞ்சனா. மாசி மாதம் கடப்பாரை போட்டபோது நாங்கள் சித்தூர் ஜில்லா. பாறை தட்டி ஏணியை மேலே இழுத்தபோது செங்கல்பட்டு ஜில்லா. இரண்டு ராஜ்யத்திலும் சேர்த்து ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. அந்தக் கிணற்றைத்தான் நீங்கள் பாழுங்கிணறு என்று எழுதியிருக்கிறீர்கள்.

எனக்கு எழுத்து தெரியாது. எழுதுகிறவள் மருமகள் காஞ்சனா. அவளும் என் மகன் பரந்தாமனும் வீட்டில் இரண்டு பவர்லூம் ஓட்டுகிறார்கள். கரண்ட் போனால்தான் அவளுக்குக் கை ஒழியும். அதனால் கடிதம் நின்று நின்று வரும்.

நீங்கள் சைக்கிளில் யூரியாவைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்த காலத்தில் உங்களுக்கு மீசைகூடச் சரியாக வரவில்லை. இப்போது பெங்களூரில் பெரிய வாத்தியாராம். இருக்கட்டும். எனக்கு நீங்கள் சேவக் ஐயாதான், வேறு பேர் வாயில் வராது.

மண் கேட்டீர்கள். மேலே மூன்றடி செம்மண். அதற்குக் கீழே சாம்பல் நிறக் களி, பதினெட்டடி. மண்வெட்டியில் ஒட்டினால் விடாது, காலால் தள்ளித்தான் எடுக்க வேண்டும். பிறகு சுக்கான் கலந்த மண் ஐந்தடி. நாக்கில் வைத்தால் சுண்ணாம்பு சுள்ளென்று தெரியும். பிறகு உடைந்த கல்லும் மண்ணுமாகப் பத்தடி. முப்பத்தாறில் பாறை. மறு வருஷம் ஒரு எருமை உள்ளே விழுந்து செத்தது. மேலே குவித்திருந்த களியையே உள்ளே தள்ளி, தண்ணீர் தெளித்து மிதித்து, ஒரு ஆள் ஆழம் மட்டும் பள்ளம் விட்டு மூடினோம். அந்தப் பள்ளம் ஏன் விட்டோம் என்பது எங்கள் வழக்கம். உங்கள் கணக்குக்கு அது வேண்டியிருக்காது.

குடிதண்ணீர்க் கிணறும் நான் வெட்டியதுதான். அது வேறு ஜாதி மண். மேலே இரண்டடி வண்டல், பிறகு பதினெட்டடி மணல், நடுவில் ஒரு சாண் களி, அதன் கீழே கூழாங்கல், தண்ணீர். அங்கிருந்து ஓடைக்கு நானூறு அடி. பாழுங்கிணற்றுக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான், ஆனால் எதிர்ப் பக்கம், மேடு.

மூட்டைகளைப் பற்றி ஒரு வரி கேட்டிருக்கிறீர்கள். மறுநாள் காலையில் பள்ளம் மூடியிருந்ததை நீங்களே வந்து பார்த்தீர்கள். அதற்கு மேல் நான் சொல்ல என்ன இருக்கிறது?

இத்தனை வருஷம் கழித்து இதெல்லாம் எதற்கு என்று நீங்கள் எழுதவில்லை. எழுதுங்கள்.

துளசிங்கம்
(இடது பெருவிரல் ரேகை)


பெங்களூர்
4.2.1985

மதிப்புக்குரிய துளசிங்கம் அவர்களுக்கு,

எதற்கு என்று முதல் கடிதத்திலேயே நான் எழுதியிருக்க வேண்டும். தைரியம் வரவில்லை.

போபால் செய்தி வந்த வாரத்திலிருந்து எனக்கு அந்த முப்பத்தெட்டு மூட்டைகளின் நினைவாகவே இருக்கிறது. அண்ணா அமெரிக்காவில் வைத்தியம் முடிந்து திரும்பிய மழைக்காலம், அறுபத்தெட்டு. கிடங்கின் கூரை ஒழுகி, பி.எச்.சி. பூச்சிமருந்துப் பொடி மூட்டைகள் நனைந்து கட்டியாகிவிட்டன. கூரையைப் பற்றி மேலே எழுதாமல் விட்டவன் நான். அதிகாரி பார்வையிட வருவதாகத் தகவல் வந்ததும் பயந்துபோய் உங்களைக் கூப்பிட்டு, பாழுங்கிணற்றுப் பள்ளத்தில் போட்டு மூடச் சொன்னேன். மண் எல்லாவற்றையும் தின்றுவிடும் என்று அன்று உண்மையாகவே நம்பினேன். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. அதைச் சமாதானமாகச் சொல்லவில்லை.

மண் தின்பதில்லை. கொஞ்சம் பிடித்து வைக்கும், கொஞ்சம் சிதைக்கும், மீதியைக் கீழே அனுப்பும். எவ்வளவு, எந்த வேகத்தில் என்று முன்கூட்டியே கணக்கிடுவதுதான் ஐந்து வருஷமாக என் வேலை. உங்கள் ஊர்ப் பழக்கத்தில் சொல்கிறேன். லுங்கித் துணியை மடிப்பு மடிப்பாக அடுக்கி, மேல் மடிப்பில் சாயத்தைக் கொட்டுங்கள். அந்த மடிப்பு தன்னால் ஆனதைப் பிடித்துக்கொண்டு மீதியை அடுத்ததற்கு விடும். மறுபடி வெறும் தண்ணீர் ஊற்றினால் சாயம் இன்னும் ஒரு மடிப்பு இறங்கும். நான் மண்ணை அரை அடி மடிப்புகளாகப் பிரித்துக்கொள்கிறேன். ஒவ்வொரு வருஷத்து மழையையும் மேலே ஊற்றுகிறேன். எல்லாம் கம்ப்யூட்டரில், எண்களாக.

இப்போது அவசரம் என்னவென்றால், உங்கள் குடிதண்ணீர்க் கிணற்றில் மோட்டார் வைத்து, மேல்நிலைத் தொட்டி கட்டி, மூன்று ஊர்களுக்குத் தண்ணீர் விட பஞ்சாயத்து யூனியனில் திட்டம் போட்டிருக்கிறார்கள். அங்கே இருக்கும் என் பழைய நண்பர், தண்ணீர் நல்லதுதானே என்று என் கருத்தைக் கேட்டிருக்கிறார். அந்த மூட்டைகள் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கின்றன என்று தெரியாமல் நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?

அறுபத்தெட்டிலிருந்து வருஷா வருஷம் மழை எப்படி, கிணற்றில் தண்ணீர் எங்கே நின்றது, நினைவில் இருப்பதைச் சொல்லுங்கள். பாதி நினைவிருந்தாலும் போதும்.

அன்புடன்,
பிரபுதாஸ்


சின்னமோட்டூர்
24.2.1985

சேவக் ஐயாவுக்கு,

பாதி எதற்கு, முழுசாகவே சொல்கிறேன்.

அந்தக் கிணற்றுக்கு மேலிருந்து அடி வரை நாற்பத்து நாலு வரிசைக் கல் கட்டினேன். தண்ணீர் எந்தக் கல்லில் நிற்கிறது என்று தினமும் பார்ப்பேன், நீங்கள் கடிகாரம் பார்ப்பதைப் போல. மூட்டை வந்த வருஷம் கார்த்திகையில் பன்னிரண்டாம் கல். அண்ணா இறந்த தையில் பதினாறு. எமர்ஜென்சிக்கு முந்தின வருஷம் மழையே இல்லை, சித்திரையில் முப்பத்தொன்பதாம் கல், நாலு கயிற்றை முடிச்சுப் போட்டு இறைத்தோம். மெட்ராஸில் அடையாறு கரை உடைத்த வருஷம் எங்கள் ஓடையும் உடைத்தது. மூன்று நாள் ராத்திரி பகலாகக் கொட்டி, தண்ணீர் ஐந்தாம் கல்லுக்கு வந்தது. வெள்ளம் வடிந்தபோது ஓடை பழைய இடத்தில் இல்லை, ஐம்பது அடி வடக்கே தள்ளிப் போயிருந்தது. பட்டப்பகலில் சூரியனை மறைத்த அன்று எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்கள், நான் போய்ப் பார்த்தேன், இருபத்திரண்டாம் கல். மெட்ராஸுக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுபோன வருஷம் நாற்பத்தொன்று. அதற்குக் கீழே நான் பார்த்ததில்லை.

மீதி வருஷங்களைத் தனித் தாளில் வரிசையாக எழுதச் சொல்லியிருக்கிறேன். எழுதும்போது இவள் நம்பவில்லை.

"இன்னா மாமா, நேத்து சாப்ட கொழம்பு இன்னான்னா தெரியாது, பதினேழு வருசத்துக் கல்லு மட்டும் ஞாபகம் இருக்குதா?"

"கொழம்ப நானா வெச்சேன்? கிணத்த நான் கட்னேன்."

"அப்பிடின்னா எங்க கல்யாணத்தப்போ எத்தினியாவது கல்லு?"

"முப்பத்தி நாலு. நீ வந்த மறுநாள் கொடத்த உள்ள உட்ட. ஒரு மணி நேரம் பாதாளக்கரண்டி போட்டுத் தேடினேன். அத்த மறப்பனா?"

தறியைத் துடைத்துக்கொண்டிருந்த பரந்தாமன் சிரித்தான். ஆனால் கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் தனியாக வந்து, "போதும் நைனா, எதுக்கு இத்தெல்லாம் கெளறிகினு?" என்றான்.

அவன் கேட்டதையும் எழுதச் சொன்னேன். நீங்கள் கேட்டதைச் சொல்லிவிட்டேன். பதில் வந்தால் எனக்கும் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்று பூமிக்குள் எங்கே நிற்கிறது என்று பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியுமா? எழுபத்தைந்து வயதில் அதைப் பார்த்துவிட்டுப் போகிறேன்.

துளசிங்கம்


பெங்களூர்
18.4.1985

மதிப்புக்குரிய துளசிங்கம் அவர்களுக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொன்ன வருஷங்களை, தாலுகா அலுவலகத்து மழைப் பதிவேட்டின் நகலோடு வைத்துப் பார்த்தேன். நீங்கள் தண்ணீர் ஏறியது என்ற வருஷமெல்லாம் பதிவேட்டில் மழை. ஒரே ஒரு வருஷம் மட்டும் ஒத்துவரவில்லை, எழுபத்திரண்டு. உங்களுக்கு நினைவு தவறியிருக்கும் என்று நினைத்தேன். பிறகு மாதவாரிப் பக்கத்தைக் கூட்டிப் பார்த்தால் தவறு கூட்டல் போட்டவருடையது. என் மாணவர்கள் உங்கள் தாளை அறைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறார்கள். நாற்பத்து நாலு வரிசைக் கல்லை ஒருவன் பக்கத்தில் படமாகவே வரைந்துவிட்டான்.

உங்கள் களியைப் போன்ற களியை இங்கே ஒரு கண்ணாடிக் குழாயில் ஓரடி உயரத்துக்கு இடித்து நிரப்பி, மேலே மருந்து கலந்த தண்ணீர் ஊற்றிவிட்டு, அடியில் வரும் முதல் சொட்டுக்காகக் காத்திருந்தோம். பதினேழு நாள் ஆயிற்று. பதினேழாம் நாள் அந்தச் சொட்டு குழாயின் நுனியில் திரண்டு, விழாமல் அரை மணி நேரம் தொங்கியது. அதைச் சோதித்தால் மருந்து இல்லை, வெறும் தண்ணீர். மருந்து முழுவதையும் களி மேலேயே பிடித்துக்கொண்டுவிட்டது. இந்த வேலைக்கு வந்து இத்தனை வருஷம் ஆன பிறகும், மண்ணின் முன்னால் கைகட்டி நிற்கத்தான் தோன்றுகிறது.

கம்ப்யூட்டரும் அதையே சொல்கிறது. முப்பத்தெட்டு மூட்டையும் பதினாறு வருஷத்தில் நாலடிகூட இறங்கவில்லை. அடியில் இன்னும் இருபத்தாறு அடிக் களி இருக்கிறது. நூறு வருஷத்துக்கு உங்கள் கிணற்றை அது தொடாது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முழங்கால் போட்டபோது எழுந்திருக்க மனம் வரவில்லை. எவ்வளவு பெரிய பாரம்! யூனியனுக்கு என் அறிக்கையைத் தட்டச்சு செய்யக் கொடுத்துவிட்டேன். அடுத்த மாதம் பத்தாம் தேதி கையெழுத்துப் போட்டு அனுப்புவேன். ஆடிக்குள் மூன்று ஊரும் உங்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கும்.

உங்கள் கடன் பட்ட,
பிரபுதாஸ்


சின்னமோட்டூர்
2.5.1985

சேவக் ஐயாவுக்கு,

கையெழுத்துப் போடாதீர்கள்.

உங்கள் கணக்கில் தப்பு இல்லை. நான்தான் தப்பு. மூட்டைகள் அந்தப் பள்ளத்தில் இல்லை.

ஜனவரியில் நான் பொய் சொல்லவில்லை. பள்ளம் மூடியிருந்ததைப் பார்த்தீர்கள் என்று மட்டும்தான் சொன்னேன். அப்படிச் சொன்னால் பொய் ஆகாது என்று நினைத்தேன். பிறகு உங்கள் கடிதம் வந்தது. அந்த ஒரு சொட்டு அரை மணி நேரம் தொங்கியதைக் காஞ்சனா படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மண்ணுக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கிறவர் என் பேச்சை நம்பி மூன்று ஊருக்கு வாக்குக் கொடுக்கப் போகிறாரே என்று அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

அந்தப் பள்ளம் ஏன் விட்டோம் என்று இப்போது சொல்கிறேன். கிணறு வெட்டும்போது முதல் மண் எடுப்பதற்கு முன்னால் எங்கள் வீட்டுப் பெண்கள் மஞ்சள் தண்ணீர் விட்டு, பொங்கல் வைத்து, கங்கம்மாவைக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டும் தண்ணீர் வரவில்லை என்றால் கிணறு செத்துவிட்டது என்று நாங்கள் சொல்வதில்லை. அவள் இன்னும் புறப்படவில்லை, அவ்வளவுதான். மூடினாலும் ஒரு ஆள் ஆழம் வழி விட்டுத்தான் மூடுவோம். வருஷா வருஷம் ஆடியில் ஒரு குடம் தண்ணீரை அதில் ஊற்றி மறுபடி கூப்பிடுவோம். என் வீட்டுக்காரி சின்னம்மாள் எட்டு வருஷம் அங்கே ஊற்றினாள். அந்த வழியில் நீங்கள் விஷத்தைப் போடச் சொன்னீர்கள். உங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் சிரித்திருப்பீர்கள், அப்போது சின்ன வயது.

மூட்டைகளோடு மாட்டுவண்டி வந்து நின்றது. நாலு ஆட்கள். நான் பள்ளத்துக்கு முன்னால் நின்றுகொண்டேன்.

"இங்க ஒரு மூட்ட கூட எறங்கக் கூடாது."

"அப்பறம் எங்க போட்றது? நாளைக்கு சேவக் வந்து கேப்பான்."

"எங்கியாவது போடுங்க. என் கண்ணுக்குத் தெரியாம போடுங்க."

வண்டி ஓடைப் பக்கம் போயிற்று. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பொழுது சாயத் திரும்பி வந்தார்கள், நாலு பேருக்கும் முழங்கால் வரை ஓடை மணல். அதற்குள் நானும் சின்னம்மாளும் கடைசியாக ஒரு குடம் ஊற்றி, மன்னிப்புக் கேட்டு, நல்ல மண்ணாலேயே பள்ளத்தை மேடு தட்ட மூடிவிட்டோம். மறுநாள் நீங்கள் வந்து பார்த்தது அதைத்தான். பிறகு ஐந்து பேரும் மலையேறிப் போய், முருகன் சன்னிதியில் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தோம், ஒருவன் பேரை ஒருவன் வெளியே விடுவதில்லை என்று. என் பேரை நான் சொல்லலாம். மற்றவர்களைக் கேட்காதீர்கள்.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது காஞ்சனா நிறுத்திவிட்டாள்.

"எந்த மணலு மாமா?"

"ஓட மணலு."

"அந்த ஓடைக்கும் நம்ம கிணத்துக்கும் நடுவுல மணலு தானே?"

"ஆங்."

"எம் புள்ளைங்களுக்கு அத்த தான ஊத்திகினு இருக்கறேன்?"

பேனாவை வைத்துவிட்டு உள்ளே போனாள். இரண்டு குடம், ஒரு அண்டா, பிள்ளைகள் பள்ளிக்கூடம் எடுத்துப் போகும் பாட்டில், எல்லாவற்றையும் தெருவில் கொட்டினாள். கரண்ட் வந்தது. அவள் தறிக்குப் போகவில்லை. வந்து உட்கார்ந்து, "சொல்லுங்க, எழுதறேன்" என்றாள்.

என் கண்ணுக்குத் தெரியாமல் போடச் சொன்னேன். தெரியாததாலேயே அது இல்லை என்று இத்தனை வருஷம் இருந்துவிட்டேன். நீங்கள் திட்டி எழுதலாம்.

துளசிங்கம்


பெங்களூர்
20.5.1985

துளசிங்கம் அவர்களுக்கு,

தந்தி கொடுத்துத் திட்டத்தை நிறுத்தியாகிவிட்டது. அதன் பிறகு பத்து நாள் உங்களுக்கு எழுதவில்லை. கோபம். உங்கள் மேல்தான் என்று நினைத்தேன்.

அன்று காலை நான் சைக்கிளை விட்டு இறங்கக்கூட இல்லை. ஒரு காலை ஊன்றி நின்று, புதுமண்ணைப் பார்த்துவிட்டுப் போய்விட்டேன். ஒரு குச்சியால் குத்திப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். என்னவென்று அறியாமல் நான் போடச் சொன்ன இடம் களி. அங்கேயே இருந்திருந்தால் நூறு வருஷம் அசைந்திருக்காது. நீங்கள் பக்தியால் காப்பாற்றியது பத்திரமான இடத்தை. இதை எழுதவே கை கூசுகிறது. ஆனால் பயந்தவன் நான். இந்தப் பாவத்தின் முதல் மூட்டை என் தலையில்தான்.

அதே குழாயில் மணலை நிரப்பினோம். மருந்து கலந்த தண்ணீரை ஊற்றிவிட்டு டீயைக் கையில் எடுத்தேன். குடித்து முடிப்பதற்குள் அடியில் சொட்டத் தொடங்கிவிட்டது. இந்த முறை சொட்டில் மருந்தும் இருந்தது.

பிறகு உங்கள் மணல், உங்கள் மழை, உங்கள் கல் வரிசை, ஓடை இடம் மாறியது, நானூறு அடி, எல்லாவற்றையும் கொடுத்துக் கம்ப்யூட்டரை ஓட்டினேன். தேதி போட்டுச் சொல்கிற அளவுக்கு இந்தக் கணக்கை நான் நம்புகிறவன் இல்லை, ஒரு வருஷம் முன்பின் ஆகலாம். ஆனால் மூன்று முறை ஓட்டியும் ஒரே விடை. எழுபத்தொன்பது கோடை. பங்குனிக்கும் ஆடிக்கும் நடுவில் அது உங்கள் கிணற்றுக்குள் வந்திருக்க வேண்டும். ரொம்பவும் கொஞ்சம். நிறம் இருக்காது. கூர்மையான மூக்குக்கு மட்டும் பழைய ஈரச் சாக்கு வாடை தெரியும். அந்தக் கோடையில் யாராவது, எதையாவது சொன்னார்களா? உங்களுக்கு நினைவு இல்லாமல் போகாது.

தண்ணீர் பிடித்துவர ஒருவரை அனுப்புகிறேன். அதுவரை அந்தக் கிணற்றை யாரும் தொட வேண்டாம். குடித்தவர்கள் உடனே விழுந்துவிட மாட்டார்கள், ஆனால் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். குழந்தைகளை ஆஸ்பத்திரியில் காட்ட நான் ஏற்பாடு செய்கிறேன்.

கடைசியாக ஒன்று. மூட்டைகளில் இன்னும் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும். கிணற்றை மூடினால் மட்டும் போதாது. ஒவ்வொரு ஐப்பசி மழையும் அதில் கொஞ்சத்தைக் கரைத்து, கீழே உள்ள வயல் கிணறுகளுக்கு அனுப்பும், இன்னும் முப்பது வருஷத்துக்கு. தோண்டி எடுத்தால் நின்றுவிடும். ஆனால் ஓடை இடம் மாறிய பிறகு அந்த மணல்வெளி முழுவதையும் யார் தோண்டுவது? சரியான இடம் தெரிய வேண்டும். வண்டியோடு போன நாலு பேரில் ஒருவராவது உயிரோடு இருந்தால் பேர் சொல்லுங்கள். போலீஸ் வந்தால் முதலில் நான் நிற்கிறேன், எழுதியே கொடுத்துவிட்டேன். சத்தியத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

பிரபுதாஸ்


சின்னமோட்டூர்
9.6.1985

சேவக் ஐயாவுக்கு,

நீங்கள் அனுப்பிய ஆள் வந்து மூன்று பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் போனார். மூடியைத் திறந்து முகர்ந்ததும் அவர் முகம் போன போக்கைப் பார்த்தேன். கிணற்றின் மேல் முள் வெட்டிப் போட்டிருக்கிறோம். மேட்டுப் பக்கத்துப் பம்புசெட்டிலிருந்து ஊரே தண்ணீர் சுமக்கிறது. யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் தேவலை.

எழுபத்தொன்பது கோடை கேட்டீர்கள். வானத்திலிருந்து ஸ்கைலாப் விழப்போகிறது என்று ஊரில் பாதிப் பேர் ஆட்டை அடித்துத் தின்றார்களே, அந்த வருஷம். வைகாசியில் எங்கள் வீட்டுக்கு அம்மையார்குப்பத்திலிருந்து ஒரு பெண் மருமகளாக வந்தது. மூன்றாம் நாள் சொம்பை வாயருகே கொண்டுபோய்விட்டுக் கீழே வைத்தது.

"தண்ணி பழைய சாக்கு மாதிரி வாட அடிக்குது."

சின்னம்மாள் விட்டாளா? "ஏன், உங்கம்மா ஊட்ல பன்னீர் குடிச்சியா?" என்றாள். தெருவே கூடிச் சிரித்தது. நானும் சிரித்தேன். அம்மா வீட்டுக்குப் போகச் சாக்கு தேடுகிறாள் என்று பேசினார்கள். ஒரு வருஷம் அவளுக்கு மூக்குக்காரி என்றே பேர். பத்து நாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள், பிறகு பழகிவிட்டது.

அந்தப் பெண்தான் இதை எழுதுகிறாள். உங்கள் கடிதத்தில் ஈரச் சாக்கு என்ற இடத்தைச் சத்தமாகப் படித்தாள். அந்த வரியை மறுபடியும் ஒருமுறை தனக்குள் படித்தாள். பிறகு, "நான் அன்னிக்கே சொன்னேன் மாமா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஏதோ கோயிலில் நிற்பவளைப் போலச் சொன்னாள்.

எனக்கும் அப்படித்தான் இருந்தது. அறுபது வருஷம் பூமிக்குள் இறங்கி ஏறினவன் நான். மண்ணைத் தொட்டால் தெரியும், நாக்கில் வைத்தால் தெரியும் என்று தலை நிமிர்ந்து இருந்தேன். என் காலுக்குக் கீழேயே ஒன்று கால் இல்லாமல், சத்தம் இல்லாமல், பத்தரை வருஷம் நடந்து வந்திருக்கிறது. நாங்கள் கல்யாணம் செய்தோம், பொங்கல் வைத்தோம், ஓட்டுப் போட்டோம். அது ஒரு நாளும் நிற்காமல் வந்திருக்கிறது. அது எந்தக் கோடையில் எங்கள் சொம்புக்கு வந்து சேர்ந்தது என்று, இந்த ஊரில் இத்தனை வருஷமாகக் கால் வைக்காத நீங்கள் சொல்கிறீர்கள். சொன்ன கோடையில் ஒரு பெண்ணின் மூக்கு அதைச் சொல்லியிருக்கிறது. இதைவிடப் பெரிய அதிசயத்தை மலை மேலும் நான் பார்த்ததில்லை. பயமாகவும் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லாரும் சிரித்த அன்று வீட்டில் ஒரே ஒரு ஆள் சிரிக்கவில்லை. எழுந்து வெளியே போய்விட்டான். பெண்டாட்டியைக் கேலி செய்கிறார்களே என்று ரோஷம், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஏன் என்று எனக்குத் தெரியும்.

நேற்று தனியாக மலை ஏறினேன். முந்நூற்று அறுபத்தைந்து படி, நாலு இடத்தில் உட்கார்ந்தேன். சூடம் ஏற்றி, செய்த சத்தியத்தைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவன் வாங்கிக்கொண்டானா தெரியாது. தண்டனை எனக்கு மட்டும் வரட்டும்.

நாலு பேர். வண்டிக்காரன் வேடியப்பன். எமர்ஜென்சி எடுத்த வருஷம் காமாலையில் போனான். பெருமாள். நகரி கிட்டே பஸ் கவிழ்ந்து செத்தான், ஸ்கைலாபுக்கு மறு வருஷம். சாமிநாதன். போன ஐப்பசியில் டெல்லியில் அந்த அம்மாவைச் சுட்டார்களே, அதற்கு மறுநாள். பாடை தூக்க நாலு ஆள் கிடைக்கவில்லை, ஊர் முழுக்க ரேடியோ பக்கத்தில் இருந்தது.

காஞ்சனா மூன்று பேரையும் எழுதிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள்.

"நாலாவது ஆளு?"

"உசுரோட இருக்கறான்."

"நம்ம ஊரா?"

"ஆங்."

"எடம் தெரியுமா அவுருக்கு?"

"தெரியும். வெள்ளத்துக்கு அப்பறம் கூட ரெண்டு வாட்டி போய்ப் பாத்துட்டு வந்தான். என்கிட்ட சொல்ல வந்தான். நான்தான் கேக்க மாட்டேன்னு காதப் பொத்திகினேன்."

"யாரு மாமா?"

அவனுக்கு அப்போது பதினெட்டு வயது, சேவக் ஐயா. வண்டியில் ஏறு என்று அனுப்பியவன் நான், சத்தியம் வாங்கியவனும் நான். பெண்டாட்டி சொன்னது நிஜம் என்று அன்றே தெரிந்தும், என் வார்த்தைக்காக ஆறு வருஷம் அதே தண்ணீரை அவளோடு சேர்ந்து குடித்தான். இடத்தைக் காட்ட அவனைத் தவிர இனி யாரும் இல்லை. இவள் நிறுத்தாமல் எழுதுகிறாள். எழுதும்மா. பரந்தாமன்.